ஸ்பைனல் போட்ட பிறகு வர்ற நடுக்கம்: வராமலே தடுக்க நர்ஸ் பக்கத்துல இருந்து என்ன பண்ணலாம்?

தியேட்டர் சிஸ்டர், டெல்டா

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். இங்க பாதிக்கு மேல சிசேரியன்தான், மத்தபடி ஹெர்னியா, ஹைட்ரோசீல், பைல்ஸ், யூரோ டாக்டர் வர்ற அன்னைக்கு ப்ராஸ்டேட் கேஸ், எல்லாமே ஸ்பைனல்ல, அதாவது முதுகுல ஊசி போட்டு இடுப்புக்கு கீழ மரத்து போக வச்சுத்தான் நடக்குது. பிரச்சனை என்னன்னா ஊசி போட்டு கொஞ்ச நேரத்துலயே நிறைய பேருக்கு நடுக்கம் ஆரம்பிச்சிடுது, தாடை கடகடன்னு அடிக்குது, ரெண்டு கையும் ஆர்ம் போர்டுல தூக்கி தூக்கி போடுது, பிபி கஃப் ஏறி ஏறி இறங்குது ஆனா ரீடிங் வரவே மாட்டேங்குது, ரத்தத்துல ஆக்சிஜன் காட்டுற சாச்சுரேஷன் லைன் கோணல் மாணலா போகுது. சிசேரியன் அம்மாக்கள பார்த்தாதான் மனசு கேக்கல, குழந்தைய முகத்துக்கிட்ட கொண்டு போய் காட்டினா கூட பல்ல கடிச்சுக்கிட்டு நடுங்கிட்டு இருக்காங்க. வார்டுக்கு ஷிஃப்ட் பண்ணும்போது வெளிய நிக்கிற அம்மா, மாமியார் எல்லாம் ஜன்னி வந்துடுச்சுன்னு அழ ஆரம்பிச்சிடுறாங்க.

நடுக்கம் வந்த பிறகு ஒவ்வொரு டாக்டர் ஒவ்வொன்னு சொல்றாங்க, ஒருத்தர் ஏவில் (அலர்ஜி ஊசி), ஒருத்தர் எஃப்கார்லின் (ஸ்டீராய்டு ஊசி), ஒருத்தர் டிரமடால் (வலி ஊசி). எனக்கு தெரிய வேண்டியது அது இல்ல, வராம இருக்க நாங்க என்ன பண்ணலாம்ங்கறதுதான். சூடு காத்து ஊதுற மெஷின் எங்ககிட்ட இல்ல, ஃப்ளூயிட் வார்மரும் இல்ல. ஆயா அம்மா ஒருத்தங்க சூடு தண்ணி ரொப்பின க்ளவுஸ கால்கிட்ட வச்சு விடுறாங்க, நல்ல மனசுலதான் பண்றாங்க, ஆனா எனக்கு பயமா இருக்கு. ஏசிய கம்மி பண்ணா சர்ஜனுக்கு வேர்க்குது, திரும்ப போட சொல்றார். இதுக்கெல்லாம் என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மயக்கவியல் டாக்டர், மதுரை

சிஸ்டர், முதல்ல அந்த க்ளவுஸ நாளைக்கே நிறுத்துங்க, காரணம் கீழ வேற யாராவது சொல்வாங்க இல்லன்னா நானே சொல்றேன். இப்ப நடுக்கம் ஏன் வருதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்ங்கறது தானா புரியும், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ரூம் குளிரா இருக்கிறது மட்டும் காரணம் இல்ல. நம்ம உடம்புல தலை, நெஞ்சு, வயிறு உள்பக்கம் 37 டிகிரி பக்கத்துல இருக்கும், கை கால் அதவிட சில டிகிரி கம்மியாவே இருக்கும். கால்ல இருக்கிற ரத்தக்குழாய் சுருங்கி இருக்கிறதாலதான் அந்த சூடு உள்ளயே தங்குது. ஸ்பைனல் போட்டதும் இடுப்புக்கு கீழ அந்த குழாய்கள சுருக்கி வைக்கிற சிம்பதெடிக் நரம்பு வேலை நின்னு போகுது, குழாய் எல்லாம் விரியுது, பிபி இறங்குறதும் இதே காரணத்தாலதான். உள்ள இருந்த சூடான ரத்தம் காலுக்கு போகுது, காலோட குளிர்ந்த ரத்தம் உள்ள வருது. ஊசி போட்டு பத்து நிமிஷம் கழிச்சு பேஷன்ட் பாதத்த தொட்டு பாருங்க, கதகதன்னு இருக்கும். அந்த சூடு நெஞ்சுக்குள்ள இருந்து போனது. மொத்த சூடு இன்னும் பெருசா குறையல, இடம் மாறிடுச்சு, முதல் ஒரு மணி நேரத்துல உள் வெப்பம் இறங்குறதுல பெரும்பங்கு இந்த இடமாற்றம்தான். அதனாலதான் ஊசி போட்ட பிறகு நாலு கம்பளி போர்த்தினாலும் ஆரம்ப நடுக்கம் சில பேருக்கு நிக்காது, ஏன்னா சூடு வெளிய போனதால வந்த நடுக்கம் இல்ல அது.

அடுத்தது மூளை பக்கம். கால்ல இருந்து வர்ற குளிர் சேதி மொத்தமும் கட் ஆகிடுது, மூளை அத கால் சூடா இருக்குன்னு எடுத்துக்குது. நடுக்கம் ஆரம்பிக்க வேண்டிய வெப்ப அளவு அரை டிகிரி பக்கம் கீழ இறங்கிடுது, பிளாக், அதாவது மரத்து போற பகுதி, எவ்வளவு மேல ஏறுதோ அவ்வளவு அதிகமா இறங்கும். அதனால பேஷன்ட் உள் வெப்பம் குறைஞ்சுக்கிட்டே இருக்கும்போது கூட அவங்களுக்கு குளிர் தெரியாது. "குளிருதாம்மா?"ன்னு கேட்டா இல்லன்னு சொல்லிக்கிட்டே நடுங்குறவங்கள நீங்களே பார்த்திருப்பீங்க. நடுக்கம் வந்தாலும் பிளாக்குக்கு மேல இருக்கிற தசை மட்டும்தான் நடுங்க முடியும், அதாவது தோள், கை, கழுத்து, தாடை. கால் தசைதான் பெருசு, அது அசையாது, அதனால இந்த நடுக்கத்தால பெருசா சூடும் உண்டாகாது, பேஷன்ட் களைச்சு போறதுதான் மிச்சம். ஆக்சிஜன் செலவு ரெண்டு மூணு மடங்கு ஏறலாம், வயசான இதய நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஜெனரல் அனஸ்தீசியால ஒரு கட்டத்துக்கு மேல கால் குழாய் சுருங்கி வெப்பம் இறங்குறது நிக்கும், ஸ்பைனல்ல அந்த குழாய் சுருங்கவே முடியாது, அதனால ஆபரேஷன் நீண்டுச்சுன்னா இறங்கிக்கிட்டே போகும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். சூடு காலுக்கு ஓடுறதுதான் பிரச்சனைன்னா ஊசிக்கு முன்னாடியே கால சூடா வச்சிடணும். கால் ஏற்கனவே கதகதப்பா இருந்தா உள்ள இருந்து ஓட வேண்டிய சூடு கம்மி. இதத்தான் ப்ரீவார்மிங்னு சொல்றோம். எபிடியூரல்ல (முதுகுல சின்ன ட்யூப் வழியா மரத்து போற மருந்து விடுற முறை) சிசேரியன் பண்ண 30 அம்மாக்கள வச்சு ஹார்ன்ங்கற ஆராய்ச்சியாளர் குழு 2002ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, எபிடியூரலுக்கு முன்னாடி 15 நிமிஷம் சூடு காத்து போர்வை வச்சு, ஆபரேஷன் போதும் தொடர்ந்தாங்க. சூடு பண்ணாத 15 பேர்ல 9 பேர் நடுங்கினாங்க, சூடு பண்ண 15 பேர்ல 2 பேர்தான். சின்ன ஆய்வுதான், ஆனா அதுக்கு அப்புறம் வந்த பல ஆய்வும் ப்ரீவார்மிங் பக்கமே சாயுது. பெரியவங்க ஆபரேஷனுக்கான, பிரிட்டன் சுகாதார அமைப்பான நைஸோட வழிகாட்டுதலும் 2016 புதுப்பிப்புல மயக்கம் குடுக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே சூடு பண்ண ஆரம்பிக்க சொல்லுது, அவசர கேஸ் தாமதமாகாத பட்சத்துல.

ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பிரசவ அம்மாக்கள்ல சில பேர் உடம்பு வெப்பம் சரியா இருக்கும்போதே நடுங்குவாங்க. நார்மல் டெலிவரி ஆன உடனே கூட நடுங்குறத லேபர் வார்டுல பார்த்திருப்பீங்க. அதனால எல்லாம் சரியா பண்ணியும் ஒரு சிலருக்கு வந்தா மனச விட்டுடாதீங்க.

லேபர் தியேட்டர் அக்கா, நெல்லை

தங்கச்சி, நான் அரசு ஆஸ்பத்திரி லேபர் தியேட்டர்ல ரொம்ப வருஷமா இருக்கேன், எங்ககிட்டயும் மெஷின் எப்பவும் ஓடுற நிலைமையில இருக்காது, அதனால மெஷின் இல்லாம என்ன பண்றோம்னு சொல்றேன்.

பேஷன்ட தியேட்டருக்கு வெளிய உக்கார வைக்கிற நேரம் இருக்கு பாத்தியா, அங்கதான் ஆரம்பிக்கணும். மெல்லிசு கவுன் மட்டும் போட்டு, செருப்ப கழட்ட சொல்லி, மொசைக் தரையில வெறுங்கால்ல நடக்க விட்டு, ஃபேனுக்கு அடியில ஸ்டூல்ல உக்கார வச்சிடுறோம். டாக்டர் மேல எழுதினாரே கால் சூடா இருக்கணும்னு, நாமளே அத முதல்ல கெடுக்கிறோம். நான் இப்ப காலுக்கு சாக்ஸ் போட சொல்றேன், கம்பளிய இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் சுத்தி விடுறேன், தலைக்கு துணி கேப், அந்த இடத்துல ஃபேன் கிடையாது. சொந்தக்காரங்ககிட்ட சொன்னா வீட்டுல இருந்தே சாக்ஸ் கொண்டு வந்து குடுத்துடுறாங்க. மெஷின் குடுக்கிற சூடு இதுல வராது, ஆனா குளிர்ந்த காலோட டேபிள்ல ஏறுறவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் கண்ணால தெரியுது.

அடுத்தது ட்ரிப். உங்க தியேட்டர்ல ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் ட்ரிப்) பாட்டில எங்க வச்சிருக்கீங்க? எங்கள மாதிரி தியேட்டருக்கு உள்ளயே அலமாரியில இருந்தா ராத்திரி பூரா ஏசி காத்துல ஊறி ஜில்லுன்னு இருக்கும், காலையில முதல் கேஸுக்கு அதையே வேகமா ஒரு லிட்டர் விடுறோம். ரூம் சூட்டுல இருக்கிற ஒரு லிட்டர் ஃப்ளூயிடே பெரியவங்க உடம்பு வெப்பத்த கால் டிகிரி பக்கம் இறக்கிடும்னு புத்தகத்துலயே இருக்கு, அப்ப ஏசில கிடந்தது எவ்வளவு இறக்கும்னு யோசிச்சு பாரு. நாங்க அன்னைக்கு வேணும்ங்கற பாட்டில மட்டும் முதல் நாளே வெளி ரூம்ல எடுத்து வச்சிடுவோம். இன்குபேட்டர் மாதிரி சின்ன வார்மிங் கேபினெட் ஒன்னு வாங்க மேனேஜ்மென்ட்ட கேளு, அது பெரிய செலவு இல்ல, 37 டிகிரி பக்கம் செட் பண்ணி தேதி எழுதி வைக்கணும். கொதிக்கிற தண்ணில பாட்டில முக்கி எடுக்கிறது, மைக்ரோவேவ்ல வைக்கிறது ரெண்டும் வேண்டாம், எவ்வளவு சூடு ஏறுச்சுன்னு யாருக்கும் தெரியாது, பாட்டில்ல செட் குத்துற இடம் நனைஞ்சு அழுக்காகுறது வேற. ரத்த பைய சுடுதண்ணில வைக்கவே கூடாது, செல்லு உடைஞ்சு போகும். இன்னொன்னு, சூடு பண்ண பாட்டில்ல இருந்து சொட்டு சொட்டா விட்டா ட்யூப் வழியா வர்றதுக்குள்ள ஆறிடும், வேகமா விடுற அந்த முதல் பாட்டிலுக்குத்தான் உண்மையான பிரயோஜனம்.

ஈரத்த மறந்துடாத. நடுக்கத்துல பாதி ஈரத்தாலதான்னு எனக்கு தோணும். முதுகுல ஸ்பிரிட் அடிச்சு அது ஆவியாகும்போது ஒரு குளிர், வயித்துல பீட்டாடின் தேய்ச்சு வழிஞ்சு இடுப்புக்கு கீழ தேங்குது, அப்புறம் பனிக்குட தண்ணியும் ரத்தமும் முதுகுக்கு அடியில போய் ஷீட் முழுக்க நனைஞ்சிடுது. அந்த அம்மாவுக்கு இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல, ஈரமா இருக்குன்னு சொல்லவும் மாட்டாங்க. தையல் முடிஞ்சதும் முதல் வேலையா ஈர ஷீட்ட உருவிட்டு உடம்ப காய்ஞ்ச துணியால தொடைச்சு, காய்ஞ்ச துணி போட்டு, அதுக்கு மேல கம்பளி போடுங்க. ஈரத்துக்கு மேல கம்பளி போர்த்தினா ஒரு பலனும் இல்ல. ஆபரேஷன் நடக்கும்போது நெஞ்சு, ரெண்டு கை, தோள் எல்லாம் சும்மாதானே திறந்து கிடக்கு, அத மூடுங்க. ஒரு அடுக்கு போர்வை தோல் வழியா போற சூட்டுல 30 சதவீதம் பக்கம் நிறுத்திடும், ரெண்டாவது மூணாவது அடுக்கு அந்த அளவுக்கு சேர்த்து குடுக்காது, அதனால ஒரே இடத்துல மூணு கம்பளி அடுக்குறத விட்டுட்டு திறந்து கிடக்கிற இடத்த தேடி மூடணும்.

ஏசி பத்தி. அணைக்க சொல்லி சண்டை போடாத, நேரம் பார்த்து மாத்து. பேஷன்ட் உள்ள வந்து, ஊசி போட்டு, துணி விரிக்கிற வரைக்கும்தான் உடம்பு திறந்து கிடக்கும். அந்த நேரம் 24, 25ல வை, ட்ரேப் போட்ட பிறகு சர்ஜன் கேட்டா குறைச்சுக்கோ, ஆனா 21க்கு கீழ போகாத. குழந்தை வெளிய வர்ற நேரத்துக்கு திரும்ப ஏத்து, பிரசவ அறை 25 டிகிரிக்கு குறையக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அது குழந்தைக்காக சொன்னது, அம்மாவுக்கும் சேர்த்து நல்லது. குழந்தைக்காகன்னு சொன்னா எந்த சர்ஜனும் மறுக்க மாட்டாங்க. ஸ்ப்ளிட் ஏசி காத்து நேரா டேபிள் மேல விழுதான்னும் பாரு, காத்து வர்ற லூவர் தகட்ட மேல திருப்பினாலே பாதி தொல்லை போயிடும்.

கடைசியா அந்த க்ளவுஸ் விஷயம். வேற ஒரு இடத்துல வேலை பார்க்கும்போது கெண்டைக்கால்ல சூடு சலைன் பாட்டில் வச்சதால கொப்பளிச்சு போன ஒரு அம்மாவ பார்த்திருக்கேன். உணர்ச்சி வந்த பிறகுதான் எரியுதுன்னு சொன்னாங்க, அதுக்குள்ள தோல் வெந்து போச்சு. சிசேரியன் தையல் ஆறி வீட்டுக்கு போக வேண்டிய பிள்ளை காலுக்கு ட்ரெஸ்ஸிங் பண்ணிக்கிட்டு கிடந்துச்சு. ஸ்பைனல் போட்ட உடம்புல கைக்கு சூடா படுற எந்த பொருளையும் நேரா வைக்கக்கூடாது, துணி சுத்தி வச்சாலும் வேண்டாம். ஆயா அம்மாவ திட்டாத, கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு காரணத்த சொல்லு, அவங்களே அடுத்த ஆளுக்கு சொல்லி குடுப்பாங்க.

ரெண்டு பிள்ளைங்க அம்மா, கோயம்புத்தூர்

நான் நர்ஸ் இல்லைங்க, தேடி படிச்சிட்டு இருக்கும்போது இது கண்ணுல பட்டுச்சு, எழுதலாமான்னு தயங்கி எழுதறேன். எனக்கு ரெண்டுமே சிசேரியன். முதல் தடவ நடுக்கம்னா அப்படி ஒரு நடுக்கம்ங்க, தாடைய நிறுத்தவே முடியல, நாக்க கடிச்சுக்குவேனோன்னு பயம். குழந்தைய பக்கத்துல கொண்டு வந்தாங்க, கை இந்த ஆட்டம் ஆடுதே கீழ போட்டுடுவேனோன்னு வேண்டாம்னு தலைய ஆட்டிட்டேன். எனக்கு ஏதோ ஆகப்போகுது, சொல்ல மாட்டேங்கறாங்கன்னே நெனச்சேன். யாருமே இது என்னன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க.

ரெண்டாவது தடவ வேற இடம். ஊசி போடறதுக்கு முன்னாடியே மயக்க டாக்டர் "கொஞ்ச நேரத்துல உடம்பு உதறலாம், நிறைய பேருக்கு வரும், தானா அடங்கிடும், வந்தா என்கிட்ட சொல்லுங்க, நான் உங்க தலைமாட்டுலயேதான் நிப்பேன்"னு சொன்னாங்க. அப்பவும் லேசா வந்துச்சுங்க, ஆனா பயமே இல்ல. சிஸ்டர் குழந்தைய என் நெஞ்சு மேல வச்சு அவங்க கையால புடிச்சுக்கிட்டு ரெண்டு பேருக்கும் சேர்த்து போர்வை போர்த்தினாங்க. நீங்க எல்லாம் என்ன மருந்து குடுத்தாலும் குடுங்க, கூடவே அந்த நாலு வார்த்தையும் முன்னாடியே சொல்லிடுங்க.

பி.ஜி. ரெண்டாம் வருஷம்

சார், மருந்து பக்கம் ஒரு சந்தேகம். ப்ரொஃபிலாக்சிஸா, அதாவது வராம தடுக்க முன்கூட்டியே, எல்லாருக்கும் ஏதாவது குடுக்கணுமா? எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு யூனிட் வாந்தி மருந்தான ஒண்டான்செட்ரான் குடுக்குது, ஒரு யூனிட் ஸ்பைனல்லயே ஃபென்டனில்ங்கற வலி மருந்த சேர்க்குது, இன்னொரு யூனிட் நடுக்கம் வந்தா மட்டும் டிரமடால். பெதிடின்தான் பெஸ்ட்னு புத்தகத்துல போட்டிருக்கு, ஆனா நான் அத கண்ணால பார்த்ததே குறைவு.

மயக்கவியல் டாக்டர், மதுரை

தம்பி, பெதிடின் நல்லா கேக்கும்ங்கறது உண்மை, 25 மில்லிகிராம் மெதுவா ஐவி குடுத்தா சில நிமிஷத்துல அடங்கும். மத்த ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) அதே அளவு வலி நிவாரண டோஸ்ல இந்த அளவுக்கு நடுக்கத்த நிறுத்தாது, கப்பா, ஆல்ஃபா 2ங்கற நரம்பு ரிசெப்டர்கள் வழியாவும் பெதிடின் வேலை செய்றதுதான் காரணம்னு நினைக்கிறாங்க. ஆனா நார்காட்டிக் லைசென்ஸ், ரெஜிஸ்டர், ஸ்டாக்னு சின்ன ஆஸ்பத்திரிக்கு அது கைக்கு எட்டாத மருந்து. அதனாலதான் நம்ம ஊர்ல டிரமடால் அந்த இடத்த புடிச்சிடுச்சு, 2018ல இருந்து அதுவும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான என்டிபிஎஸ் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, கணக்கு வைக்கணும். கிலோவுக்கு அரை மில்லிகிராம்ல இருந்து ஒரு மில்லிகிராம், மெதுவா குடுக்கணும், அவசரமா தள்ளினா வாந்தி நிச்சயம். வலிப்பு இருக்கிறவங்களுக்கும், டிப்ரஷனுக்கு எஸ்எஸ்ஆர்ஐ சாப்பிடுறவங்களுக்கும் வேண்டாம், பிரசவ கேஸ்ல இத கேக்க மறந்துடுறோம். பால் குடுக்கிற அம்மாக்களுக்கு டிரமடால் வேண்டாம்னு அமெரிக்க எஃப்டிஏ 2017ல எச்சரிச்சிருக்கு. அது தொடர்ந்து வலிக்கு சாப்பிடுறத மனசுல வச்சு சொன்னது, ஒரு தடவ குடுக்கிற சின்ன டோஸுக்கு நான் அந்த அளவு பயப்படல, ஆனா சிசேரியன்ல குடுத்தா குழந்தை அதிகமா தூங்குதா, பால் இழுக்குதா, மூச்சு எப்படின்னு பார்க்க சொல்லி நோட்ஸ்ல எழுதிடுவேன்.

எல்லாருக்கும் முன்கூட்டியே ஊசி போடறது எனக்கு உடன்பாடு இல்ல. நடுங்காம போயிருக்க வேண்டிய பாதி பேருக்கு வாந்தியையும் தூக்கத்தையும் காரணமில்லாம குடுக்கிறோம். வேற நல்ல காரணத்துக்கு குடுக்கிற மருந்து கூடவே நடுக்கத்தையும் குறைச்சா அத எடுத்துக்கலாம், என் வழி அதுதான். ஸ்பைனல்ல மரத்து போக வைக்கிற ஹெவி பியூபிவகெயின் கூட ஃபென்டனில் 10ல இருந்து 25 மைக்ரோகிராம் சேர்த்தா பிளாக் தரம் நல்லா இருக்கும், ஆபரேஷன் போது வயித்த இழுக்கிற உணர்ச்சி குறையும், நடுக்கமும் குறையும், அரிப்பு வரும் அவ்வளவுதான். ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம் வாந்திக்கு எப்படியும் குடுக்கிறோம், நடுக்கத்துக்கு அதோட ஆய்வு முடிவுகள் ஒன்னுக்கொன்னு முரணா இருக்கு, கிடைச்ச வரைக்கும் லாபம்னு வச்சுக்கோங்க. தூக்கம் வர வைக்கிற டெக்ஸ்மெடிடோமிடின் நல்லா நிறுத்தும், கிலோவுக்கு அரை மைக்ரோகிராம் பத்து நிமிஷத்துல போகணும், ஆனா பல்ஸ் இறங்கும், ஏற்கனவே ஸ்பைனலால பல்ஸ் 50ல இருக்கிற ஆளுக்கு கைய வைக்காதீங்க. மயக்க மருந்தான கெட்டமின் குறைஞ்ச டோஸ் கேக்கும், பிபிய தூக்கி குடுக்கும், ஆனா குழந்தைய முதல் முதலா பார்க்கிற நேரத்துல அந்த அம்மா மாயத்தோற்றம் பார்த்துக்கிட்டு இருக்கக்கூடாது. மக்னீசியத்துக்கும் ஆய்வு இருக்கு, பிபியயும் கர்ப்பப்பை சுருங்குறதையும் நினைச்சு சிசேரியன்ல இதுக்காக மட்டும் நான் எடுக்க மாட்டேன்.

சிஸ்டர் கேட்ட ஏவில், அது இந்த நடுக்கத்துக்கான மருந்தே இல்ல. ரத்தம் ஏத்தும்போதோ ட்ரிப் ரியாக்ஷன்லயோ குடுத்து பழகின கை தானா அதுக்கே போகுது. பேஷன்ட் தூங்கிடுறாங்க, நடுக்கமும் தன் நேரத்துக்கு நிக்குது, மருந்து கேட்டுச்சுன்னு பேர் வந்துடுது.

தியேட்டர் டெக்னீஷியன், சேலம்

சிஸ்டர், ப்ராஸ்டேட் கேஸ் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். அங்க ஆபரேஷன் பண்ற இடத்த கழுவ உள்ள ஓடுற இரிகேஷன் தண்ணிதான் வில்லன். கிளைசினோ சலைனோ, ஒரு கேஸுக்கு பத்து இருபது லிட்டர் கூட உள்ள போய் வரும், அது ஏசி சூட்டுல இருந்தா உள்ளுக்குள்ள இருந்தே உடம்ப குளிர வைக்குது. அந்த வயசான தாத்தாக்கள் நடுங்கலன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, வயசானவங்களுக்கு நடுக்கம் வர்ற அளவே கீழ இருக்கும், வெளிய ஒன்னும் தெரியாம உள் வெப்பம் இறங்கி போயிருக்கும். இரிகேஷன் பைய உடம்பு சூட்டுக்கு கேபினெட்ல வச்சு எடுத்தா நல்ல வித்தியாசம் தெரியும். கேஸ் நடுவுல தாத்தா குழப்பமா பேசினா, வாந்தி வருதுன்னு சொன்னா அத குளிர் கணக்குல எழுதிடாம டாக்டர கூப்பிடுங்க, தண்ணி ரத்தத்துல ஏறி சோடியம் இறங்கி இருக்கலாம்.

அப்புறம் நாளைக்கு உங்க மேனேஜ்மென்ட் பேர் ஹக்கர் (Bair Hugger) மாதிரி சூடு காத்து ஊதுற மெஷின் வாங்கி குடுத்தா ஒரு விஷயம். அதுக்குன்னு வர்ற பேப்பர் போர்வை காசு அதிகம்னு சில இடத்துல ஹோஸ மட்டும் கம்பளிக்கு அடியில சொருகி விடுறாங்க. செய்யவே கூடாதுங்க. அந்த போர்வைதான் காத்த பரப்பி விடுது, அது இல்லாம ஹோஸ் வாய்ல இருந்து நேரா ஒரே இடத்துல அடிச்சா உணர்ச்சி இல்லாத கால்ல தீக்காயம் ஆகும், கம்பெனியே மெஷின் மேல எச்சரிக்கை ஒட்டி வச்சிருக்கான்.

தியேட்டர் சிஸ்டர், டெல்டா

எல்லாருக்கும் மனசார நன்றி. அக்கா, க்ளவுஸ் விஷயம் இன்னைக்கே பேசிட்டேன், ஆயா அம்மா பதறி போயிட்டாங்க, இனிமே யாரையும் வைக்க விட மாட்டேன்னு அவங்களே சொன்னாங்க. கோயம்புத்தூர் அக்கா எழுதினத எங்க டாக்டர்கிட்டயும் படிச்சு காட்டினேன்.

இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. தெர்மாமீட்டர் எங்க வச்சு பார்க்கணும், நெத்தியில காட்டுற கன் தெர்மாமீட்டர்தான் எங்ககிட்ட இருக்கு. இன்னொன்னு, எந்த நடுக்கத்த சாதாரணம்னு எடுத்துக்கணும், எதுக்கு பயப்படணும்?

மயக்கவியல் டாக்டர், மதுரை

கன் தெர்மாமீட்டர் தோல் சூட்டதான் காட்டும், தியேட்டர் குளிர்ல அத நம்பி முடிவெடுக்காதீங்க. முழிச்சிருக்கிற பேஷன்ட்தானே, நாக்குக்கு அடியில வைக்கிறது போதுமான அளவு சரியா இருக்கும், நடுங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங் எடுத்து வச்சுக்கோங்க, பல்லு அடிச்சுக்கிட்டு இருக்கும்போது வாய்ல வைக்க முடியாது. அக்குள்னா கைய நல்லா ஒட்டி வச்சு நேரம் குடுக்கணும். 36க்கு கீழ போனா சூடு பண்ண ஆரம்பிங்க. நடுக்கத்தையும் ஷீட்ல அளவா எழுதுங்க, கிராஸ்லி மகாஜன் அளவுகோல்ல 0ல இருந்து 4 வரைக்கும் இருக்கு, ஒரு தசைக்கூட்டம் மட்டும் ஆடினா 2, ஒன்னுக்கு மேல ஆடினா 3, உடம்பு பூரா ஆடினா 4. 3 இல்லன்னா 4 வந்தா மருந்து யோசிக்கிறதுன்னு பல இடத்துல வச்சிருக்காங்க. அப்படி எழுதி வச்சா ஒரு மாசத்துல உங்க மேனேஜ்மென்ட்கிட்ட காட்டி கேபினெட் கேக்க கையில ஒரு கணக்கு இருக்கும்.

பயப்பட வேண்டியது எதுன்னா, நடுக்கம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கும்போது ஆரம்பிச்சா முதல்ல ரத்தத்த நிறுத்துங்க, பையில இருக்கிற பேர், குரூப் எல்லாம் திரும்ப சரிபார்க்கிற வரைக்கும் அது குளிர் நடுக்கம் இல்லன்னே வச்சுக்கணும். புது ட்ரிப் பாட்டில் மாட்டி கொஞ்ச நேரத்துல திடீர்னு விரைச்சு உதறி ஜுரமும் ஏறினா பாட்டிலையும் செட்டையும் கழட்டுங்க, தூக்கி போடாம எடுத்து வைங்க. பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரம் ஆன அம்மா ஜுரத்தோட நடுங்கினா அது தொற்று, கம்பளியால தீராது. சுகர் பேஷன்ட் நடுங்கி வேர்த்தா குளுக்கோமீட்டர் எடுங்க, குளிர்ல நடுங்குறவங்களுக்கு வேர்க்காது. வாய சுத்தி மரத்து போகுது, காதுல இரைச்சல்னு சொல்லிக்கிட்டே தசை துடிச்சா மரத்து போக போட்ட லோக்கல் மருந்து ரத்தத்துல கலந்திருக்கலாம், ஸ்பைனல் டோஸ்ல அது அபூர்வம், ஆனா சர்ஜன் கூடுதலா லோக்கல் போட்டிருந்தா ஞாபகம் வரணும். சிசேரியன்ல ரத்தப்போக்குக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை வச்சிருந்தாலோ கார்போப்ரோஸ்ட் ஊசி போட்டிருந்தாலோ அதுவே நடுக்கமும் ஜுரமும் குடுக்கும், எத்தனை மணிக்கு குடுத்தோம்னு போர்டுல எழுதி வச்சா வார்டு நர்ஸ் ராத்திரி பதற மாட்டாங்க. எந்த நடுக்கமா இருந்தாலும் முதல்ல முகத்துக்கு ஆக்சிஜன், அப்புறம் பல்ஸ், பிபி. கஃப் எடுக்கலன்னா கைய இறுக்கி புடிச்சுக்கிட்டு மேனுவலா பாருங்க, நடுக்கத்தால எடுக்கலையா பிபியே இறங்கிடுச்சான்னு தெரியாம இருக்கக்கூடாது.

லேபர் தியேட்டர் அக்கா, நெல்லை

தங்கச்சி, ஒன்னு விட்டுட்டேன். எமர்ஜென்சி சிசேரியன்ல, குழந்தை ஹார்ட்பீட் இறங்குதுன்னு ஓடி வர்ற கேஸ்ல ப்ரீவார்மிங்குக்கெல்லாம் நேரம் இருக்காது, அதுக்காக ஒரு நிமிஷம் கூட தாமதிக்காத. அந்த கேஸுக்குன்னே ஒரு செட் தயாரா வை, சூட்டுல இருக்கிற ரெண்டு ஆர்எல், மடிச்ச காய்ஞ்ச ஷீட், ஒரு கம்பளி, ஒரு ஜோடி சாக்ஸ். எங்க தியேட்டர்ல அது குழந்தை வார்மருக்கு கீழ் தட்டுல இருக்கும், ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் ட்ராலி செக் பண்றப்பவே அதையும் சேர்த்து பார்த்து கையெழுத்து போடுவோம்.